கழலாத நட்டுக்குச் சூடு எவ்வளவு?

சென்ற மழைக்காலத்தில் பாகூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் தம் களையெடுக்கும் இயந்திரத்தைப் புதுச்சேரி நகரத்துப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். கியர் பெட்டி போல்ட் ஒன்று கழலவில்லை. ஸ்பானரில் குழாயைச் செருகி இருவர் இழுத்தனர். தலை முறிந்து, மீதி அலுமினிய உறைக்குள்ளேயே நின்றுவிட்டது. அற்ப விலைப் போல்டுக்காக உறையையே மாற்ற வேண்டியதாயிற்று.

அந்தப் போல்டில் துரு இல்லை. மரையில் பசை இருந்தது. ஓடும்போது அதிர்வால் நட்டு தளராதிருக்க, கம்பெனியிலேயே இந்தப் பசையை இடுகிறார்கள். 1953-ல் அமெரிக்கப் பேராசிரியர் வெர்னான் க்ரீபிள் கண்டுபிடித்தது. லாக்டைட் என்றால் கடைக்காரருக்குத் தெரியும். காற்றுப் படாமல் உலோகத்துக்கு நடுவே அகப்பட்டால்தான் இது இறுகும். நீல நிறப் பசை சாதாரண ஸ்பானருக்கே இளகிவிடும். சிவப்பு நிறப் பசைதான் பிடிவாதக்காரன்.

கடற்காற்று வீசும் நமது பகுதியில், கழலாதது எல்லாம் துருதான் என்று நினைத்து மண்ணெண்ணெய் ஊற்றுகிறோம். துருவுக்கு அது சரி. இறுகிய பசைக்குள் எண்ணெய் இறங்காது. மேலும், எண்ணெய் ஊற்றிய இடத்தில் பிறகு நெருப்பைக் காட்டுவது ஆபத்து. மரை ஓரத்தில் சிவப்பாகவோ நீலமாகவோ காய்ந்த பிசிர் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள்.

சிவப்புப் பசை இளகச் சுமார் 250 டிகிரி சென்டிகிரேடு சூடு வேண்டும். கொதிநீர் 100 டிகிரிதான், அதனால் பயனில்லை. நட்டு சிவக்கும்வரை காய்ச்சவும் கூடாது. தலையில் 8.8 என்று பொறித்த உரமேற்றிய போல்ட் சிவக்கக் காய்ந்தால் அதன் பலம் போய்விடும். அலுமினியமோ சிவந்து காட்டாமலே உருகிவிடும்.

அளவு பார்க்க எளிய வழி உண்டு. ரேடியோ பழுதுபார்ப்பவர் பயன்படுத்தும் ஈயம் கலந்த பற்றுக்கம்பி ஏறக்குறைய 190 டிகிரியில் உருகும். மீன்வலையில் கட்டும் ஈயக்குண்டு உருக 327 டிகிரி வேண்டும். நட்டின் மேல் பற்றுக்கம்பி உருகியபின் இன்னும் சிறிது நேரம் காய்ச்சுங்கள். ஈயக்குண்டு இளகினால் சூடு மிஞ்சிவிட்டது. நட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்தால் நிறமும் சொல்லும்: வைக்கோல் நிறம் தாண்டிப் பழுப்பு வந்தால் போதும், நீலம் வந்தால் நிறுத்துங்கள்.

சிறு திருகுக்குச் சாலடரிங் கோலைத் தலையில் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடித்தாலே போதும். பெரியதற்குச் சூடான காற்று ஊதும் கருவி நல்லது. கியாஸ் சுடரைக் கைதேர்ந்தவரிடம் விட்டுவிடுங்கள். போல்டைவிட நட்டைச் சூடாக்குங்கள். அது விரிந்து பிடி தளரும். சூடு ஆறுமுன் கழற்ற வேண்டும், ஆறினால் பசை மறுபடி பிடித்துக்கொள்ளும். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றாதீர்கள், வார்ப்பு வெடிக்கும்.

பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தூரத்தில் வைத்த பிறகே இந்த வேலையைத் தொடங்கவேண்டும். அருகில் ஆயில் சீல், பேரிங் இருந்தால் ஈரத்துணி சுற்றுங்கள். ஸ்பிரிங்கைச் சூடாக்கவே கூடாது. மருந்து தெளிக்கும் இயந்திரமானால் நன்கு கழுவி, வெட்டவெளியில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று செய்யுங்கள். மருந்துப் படிவு காய்ந்து எழும் புகை நஞ்சு.

புல்வெட்டும் இயந்திரத்தின் பிளேடு நட்டில் ஒரு விஷயம். பெரும்பாலானவற்றில் அது இடது மரை. கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் எதிர்ப்பக்கம் இழுத்து, இன்னும் இறுக்கிவிட்டுச் சூடு காட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நட்டின் அளவுக்குச் சரியான ஸ்பானர் அவசியம். காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய ஸ்பானர் வாங்குவோர், வாய் தேய்ந்ததைத் தள்ளிவிடுங்கள். திரும்பப் பூட்டும்போது பழைய பசையைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, நீலப் பசை ஒரு சொட்டு இட்டால் போதும். பூட்டியபின் 24 மணி நேரம் இயந்திரத்தை ஓட்ட வேண்டாம்.