படிக்கும்போதே வெப்சைட் வேலை: 6 குறிப்புகள்

கங்காதர நெல்லூரிலிருந்து சித்தூர், திருப்பதி கல்லூரிகளுக்குப் பஸ் ஏறும் மாணவர்களே, வெப்சைட் செய்து சம்பாதிக்க இறங்கும் முன்:

1. இரண்டு மாதிரித் தளங்கள் செய்து கிட்ஹப் பேஜஸில் ஏற்றுங்கள். செலவில்லை, வேலை கேட்கப் போகும்போது லிங்க்கைக் காட்டினால் போதும்.

2. சித்தூர் மாங்காய் மண்டி, திருப்பதி லாட்ஜ் என அக்கம்பக்கத்தில் கேளுங்கள். நேரில் பார்த்தவரை நம்புவார்கள்.

3. தெலுங்கு, தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் பக்கம் தாருங்கள். திருப்பதிக்குப் பல ஊர்க்காரர்கள் வருகிறார்கள்.

4. வேலை, கெடு, கூலியை வாட்ஸ்அப்பிலாவது எழுதி ஒப்புதல் வாங்குங்கள். ‘சின்ன மாற்றம்தான் தம்பி’ என்பதற்கு முடிவே கிடையாது.

5. பாதிப் பணத்தை முன்பணமாக வாங்குங்கள். வாடிக்கையாளர் பாதியில் கைவிட்டாலும் உழைப்பு முழுதாக வீணாகாது.

6. டொமைனை வாடிக்கையாளர் பெயரிலேயே பதியுங்கள். வருடாந்திரக் கட்டணம் உங்கள் தலையில் விழாது.

செமஸ்டர் நெருங்கினால் புது வேலை ஏற்காதீர்கள். வாடிக்கையாளர் காத்திருப்பார், தேர்வு காத்திருக்காது.