ஐம்பத்தொரு பங்கு என் பெயரில் வேண்டாம்

கட்டுக்கலை,
கண்டி.

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவை இரண்டு தரம் கேட்டேன். அத்தை ஒரு தரம் கேட்டுவிட்டு, நீ கண்டிக்கே வந்துவிடப் போகிறாய் என்று அப்போதே மெத்தையை வெயிலில் போட்டுவிட்டாள். போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இது நொத்தாரிசு கந்தோரில் முப்பத்திரண்டு வருஷம் உறுதி எழுதிய கை. காணி விஷயத்தை வாயால் பேசினால் எனக்கே நம்பிக்கை வராது.

நான் விளங்கிக்கொண்டது இது: ஹந்தானைப் பக்கம் 22 பேர்ச் காணி, அதில் ஒரு பழைய வீடு. உன்னைப் போன்ற வெளிநாட்டுக்காரர் நேரே வாங்க முடியாது என்பதால் இங்கே ஒரு கம்பனி பதிவது. பங்கில் 51 என் பெயரில், 49 உன் பெயரில். காசு முழுக்க உன்னுடையது, கையெழுத்து மட்டும் என்னுடையது. துபாயில் உன்னோடு இருக்கும் யாரோ, எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்றாராம். செய்கிறார்கள்தான். அவர்களில் சிலருடைய பைல்களைத் தூசி தட்டி நீதிமன்றத்துக்குச் சுமந்துகொண்டு போனவன் நான்.

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டம்தான் உன் வழியில் நிற்பது. 2013 ஜனவரி 1 முதல் செல்லுபடியாகும்படி கொண்டுவந்தார்கள். வெளிநாட்டவருக்கும், பாதியோ அதற்கு மேலோ வெளிநாட்டார் பங்குள்ள கம்பனிக்கும் காணி கைமாற்ற முடியாது. அதற்கு முன்னே 1963ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் நூற்றுக்கு நூறு வரி இருந்தது. பத்து லட்சத்துக்குக் காணி வாங்கினால் வரியும் பத்து லட்சம். 2002இல் அதை எடுத்தார்கள், 2004இல் திரும்பவும் போட்டார்கள். அந்த இடைவெளியில் எங்கள் கந்தோரில் உட்கார நாற்காலி கிடைக்காது.

49 என்றால் பாதிக்குக் கீழேதானே என்பாய். சரிதான். ஆனால் உன் நண்பர் அடுத்த வரியை வாசிக்கவில்லை. காணி வாங்கிய நாளிலிருந்து தொடர்ந்து 20 வருஷத்துக்கு அந்தப் பங்கு பாதிக்குக் கீழேயே இருக்க வேண்டும். எனக்கு இப்போது 71. காலையில் இன்சுலின், இரவில் பிரஷர் மாத்திரை. 91 வயது வரை உன் கம்பனிக்காக நான் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று கேட்கிறாய், மருமகனே.

நானும் அத்தையும் போய்விட்டால் என் பங்கு உனக்கு வராது, என் மூன்று பிள்ளைகளுக்குப் போகும். மூத்தவன் நல்லவன், ஆனால் அவனுக்கு ஒரு மனைவி, மனைவிக்கு இரண்டு அண்ணன்மார். நடுவிலான் டொரொண்டோவில் கனடாப் பிரஜையாகிவிட்டான். என் 51இல் அவனுக்கு 17 போனால் வெளிநாட்டுப் பங்கு 66. அதைத் திரும்ப இறக்க நீ துபாயிலிருந்து ஓடி வரவேண்டும். உள்ளுக்குள் ஒரு தனி ஒப்பந்தம் எழுதி வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னாய். சட்டத்தைச் சுற்றிப் போவதற்காக எழுதிய தாளை எடுத்துக்கொண்டு அதே சட்டத்திடம் நியாயம் கேட்கப் போனால் எந்த நீதிபதி காது கொடுப்பார்? போதாக்குறைக்கு, கம்பனியின் பின்னால் உண்மையில் இருப்பது யார் என்று எழுதிக் கொடுக்கும்படி 2025இல் கம்பனிச் சட்டத்தையும் திருத்திவிட்டார்கள். அங்கே நான் என்ன எழுதுவது? மாமா என்றா?

ஒரு வெள்ளைக்காரர் கதை சொல்கிறேன், பெயர் வேண்டாம். அம்பிட்டியப் பக்கம் வீடு. கூட்டாளி அவருடைய ஓட்டுநர், தங்கமான மனிதர். அந்த மனிதர் மாரடைப்பில் போனார். எட்டுச் செலவு முடிந்த மறுவாரம் அவர் மகன் கேட்டுக்குப் புதுப் பூட்டுப் போட்டான். வழக்கு பதினோரு வருஷம். நான் கந்தோரை விட்டு விலகிய நாளிலும் அந்தப் பைல் அலுமாரியில்தான் இருந்தது. மகனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதிவில் பெரிய பங்குக்காரர் அவன் அப்பாதானே.

கம்பனி என்ற சொல்லை நீ எவ்வளவு இலேசாகச் சொன்னாய்! எனக்கு அந்தச் சொல் வேறு மாதிரிக் கேட்கும். 1840இல் ஒரு கட்டளைச் சட்டம் போட்டு, உறுதி காட்ட முடியாத மலைக்காடெல்லாம் முடிக்குச் சொந்தம் என்றார்கள். ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு விற்றார்கள், வாங்கியவர்களில் அரசாங்க உத்தியோகத்தரும் உண்டு. கோப்பி வந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை வைத்தார். பிறகு மலை மலையாக லண்டனில் பதிந்த கம்பனிகளுக்குப் போயிற்று. பங்குக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த மண்ணை மிதித்ததேயில்லை. என் தாத்தாவின் லயத்துக் காம்பரா, காம்பராவுக்கு முன்னால் அவர் வைத்த முருங்கை, எல்லாம் கம்பனிக்குச் சொந்தம். 1975இல் காணிச் சீர்திருத்தத்தில் அரசாங்கம் அவற்றை எடுத்துக்கொண்டது. ஆக, அந்நிய தேசத்துக் கம்பனி வைத்துக் காணி பிடிப்பது கண்டிக்குப் புதிதில்லை. நம் ஆட்கள் அப்போது கொழுந்துக் கூடையோடு நின்றார்கள் என்பதுதான் வித்தியாசம்.

உன் அம்மாவுக்குப் பிறந்த ஊரில் ஒரு வளவு வேண்டும் என்றாயே, அங்கேதான் என் நெஞ்சு இளகியது. 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்தில் நம் ஆட்களில் ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று தலை எண்ணினார்கள். எனக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தது. அத்தானுக்கு இந்தியப் பாஸ்போட், அதனால் அக்காவுக்கும். ஒரே காம்பராவில் பிறந்து இரண்டு நாட்டுக்காரர் ஆனோம். 1973இல் கண்டி ஸ்டேசனில் அக்காவைக் கோச்சி ஏற்றிவிட்டது, தலைமன்னார் போய்க் கப்பல் ஏறி, கடைசியில் கோத்தகிரியில் அதே தேயிலைக்கு முன்னால் அவள் நின்றது எல்லாம் உனக்குத் தெரியும். இன்றைய சட்டத்தில் இரட்டைப் பிரஜாவுரிமைக்காரருக்கு விலக்கு உண்டு, அவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் அது முன்பு இந்த நாட்டுப் பிரஜையாக இருந்து இழந்தவர்களுக்கு. அக்காவுக்குக் கொடுத்திருந்தால் அல்லவா இழப்பதற்கு! வெளிநாட்டிலுள்ள நெருங்கிய உறவுக்கு முதுசமாகக் கொடுக்கவும் விலக்கு இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு என்னைச் சீக்கிரம் போகச் சொல்லாதே, எனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இலங்கை மட்டும் கதவை அடைத்துவிட்டது என்றும் கோபப்படாதே. நான் கோத்தகிரியில் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் அரை சென்ட் வாங்க ஆசைப்பட்டால், இலங்கைப் பிரஜை என்பதால் ரிசர்வ் வங்கியிடம் அனுமதி கேட்க வேண்டும். கேட்காமல் எடுக்கக்கூடியது ஐந்து வருஷத்துக்கு மேற்படாத குத்தகை மட்டும். நீ இருக்கும் துபாயிலும் உனக்கென்று குறித்த பகுதிகளில்தான் வாங்கலாம்.

அதனால் நான் சொல்வது குத்தகை. உன் சொந்தப் பெயரில், 99 வருஷம் வரை எடுக்கலாம். ஆரம்பத்தில் அதற்கும் 15 வீதம் வரி வைத்திருந்தார்கள், பிறகு நீக்கிவிட்டார்கள். அக்கா பேரப்பிள்ளைகளோடு வந்திருக்கவும், நீ சொன்னபடி இரண்டு அறையைச் சுற்றுலாக்காரருக்கு விடவும் அது தாராளம். உரிமைக்காரர் செத்தாலும் விற்றாலும் பதிந்த குத்தகை நிற்கும். கம்பனிச் செயலாளருக்கு வருஷா வருஷம் காசு கட்டுவதும் கணக்குக் காட்டுவதும் இல்லை. காசை மட்டும் உன் பெயரில் உள்முக முதலீட்டுக் கணக்குத் திறந்து அதன் வழியாகக் கொண்டு வா. உண்டியலில் அனுப்பினால் நாளைக்குத் திரும்பக் கொண்டுபோக வழியில்லை.

ஆனால் குத்தகையானாலும் அந்தக் காணியைப் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதே. கண்டியைச் சுற்றிய காணி ஒவ்வொன்றுக்கும் ஒரு பழைய எசமான் இருப்பார். விகாரைக் காணி, தேவாலயக் காணி, தோட்டத்திலிருந்து துண்டாடி விற்றது, அரசாங்கம் கொடுத்த சுவர்ணபூமி உறுதி. கடைசியாகச் சொன்னதை அரசாங்கத்தைக் கேட்காமல் யாரும் கைமாற்ற முடியாது, ஆனாலும் தரகர் சிரித்துக்கொண்டே காட்டுவார். முப்பது வருஷத்துக்காவது தோம்பு பார்க்க வேண்டும். அடுத்தது சரிவு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கொட்டியபோது கண்டி மாவட்டத்தில் மலை இறங்கிய இடங்களில் வீடு இருந்த அடையாளமே இல்லை. அதில் பாதி, பார்க்க அழகான இடங்கள். நீ அனுப்பிய படத்தில் வீட்டுக்குப் பின்சுவரை ஒட்டி மண் வெட்டியிருப்பது தெரிகிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை கையில் வராமல் ஒரு சதமும் நகரக் கூடாது. காட்சி நல்லாயிருக்கிறது என்று தரகர் இரண்டு தரம் சொன்னாராமே, எனக்கு அதுதான் உறுத்துகிறது.

உனக்கு என்மேல் வருத்தம் வரலாம். மாமாவின் கையெழுத்து வேண்டுமானால் குத்தகை உறுதியில் சாட்சியாகப் போடுகிறேன், இப்போதும் கை நடுங்குவதில்லை.

அந்தக் காணியின் சர்வே பிளான் இலக்கமும் தேதியும் தெரிய ஒரு படம் எடுத்து அனுப்பு. வருகிற புதன்கிழமை வேறொரு வேலையாகக் காணிக் கந்தோர்ப் பக்கம் போகிறேன். அங்கே பழைய ஆட்கள் இரண்டொருவர் இன்னும் இருக்கிறார்கள். அக்காவிடம் கேட்டு இன்னொன்றும் எழுது: எங்கள் தோட்டத்து மேல் லயத்துப் பீலிக்குப் போகும் ஒற்றையடிப் பாதை இந்த வளவுக்குள்ளால் போனதா, வெளியாலா? எனக்கு மறந்துவிட்டது. பிளானில் அது இருக்காது. பாதை உள்ளேதான் என்றால் தோட்டத்து ஆட்கள் இன்றைக்கும் அதில் நடப்பார்கள், நீ வேலி போட முடியாது.

அன்புடன்,
மாமா