சர்க்கரை சேர்ந்தால் மங்கும் ஒளி: தேனில் ஃப்ரக்டோஸை அளக்கும் முறை

கரைந்த சர்க்கரைக்கு நிறமும் இல்லை, ஒளியும் இல்லை. அது இருப்பதைச் சொல்ல, அதோடு பிணையும் வேறொரு பொருள் வேண்டும். போரானிக் அமிலம் அப்படிப்பட்டது. சர்க்கரையில் அருகருகே உள்ள இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகளை அது பற்றிக்கொள்ளும்.

இதை வைத்து 2001இல் பிங்ஹே வாங் குழுவினர் எளிய முறை ஒன்றை வெளியிட்டார்கள். அலிசரின் ரெட் எஸ் என்ற சாயம் தனியாக இருந்தால் ஒளிர்வது மிகக் குறைவு. பினைல்போரானிக் அமிலத்தோடு பிணைந்தால் நன்றாக ஒளிரும். சர்க்கரை வந்ததும் அமிலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். சாயம் தனித்துப்போக, ஒளி மங்கும். எவ்வளவு மங்கியது என்பதிலிருந்து சர்க்கரையைக் கணக்கிடலாம். கல்லூரி ஆய்வகத்தில் ஒரே நாளில் செய்யக்கூடிய சோதனை இது.

தேவையானவை

மேலே சொன்ன சாயமும் அமிலமும், ஃப்ரக்டோஸ், நீரற்ற குளுக்கோஸ், இரண்டு சோடியம் பாஸ்பேட் உப்புகள், காய்ச்சி வடித்த நீர், பிஎச் மீட்டர், நுண்தராசு, பிப்பெட், நான்கு பக்கமும் தெளிவான குவெட், ஒளிர்வை அளக்கும் ஃப்ளூரிமீட்டர். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்.

செய்முறை

1. தாங்கல் கரைசல்: நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 11 கிராம், நீரற்ற சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 2.7 கிராம். இரண்டையும் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து 1 லிட்டராக்குங்கள். பிஎச் 7.4 வருகிறதா என்று மீட்டரில் பார்த்துச் சரிசெய்யுங்கள். பிஎச் மாறினால் பிணைப்பின் வலிமையும் மாறிவிடும்.

2. கரைசல் அ: 250 மில்லி தாங்கல் கரைசலில் 8.6 மில்லிகிராம் சாயம். குழாய்த் தண்ணீர் கூடாது. அதிலுள்ள கால்சியத்தோடும் இந்தச் சாயம் பிணையும்.

3. கரைசல் ஆ: 150 மில்லி ‘அ’வில் 37 மில்லிகிராம் பினைல்போரானிக் அமிலம். மெதுவாகத்தான் கரையும், பொறுமையாகக் கலக்குங்கள். சிவப்பு நிறம் ஆரஞ்சை நோக்கி நகர்ந்தால் பிணைப்பு நடந்துவிட்டது.

4. கரைசல் இ: 0.45 கிராம் ஃப்ரக்டோஸை ‘ஆ’விலேயே கரைத்து 25 மில்லியாக்குங்கள். இது 100 மில்லிமோலார். தண்ணீரில் கரைத்து ஊற்றினால் சாயமும் அமிலமும் நீர்த்துப்போகும். அந்த மங்கலையும் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிடுவோம். மாற வேண்டியது சர்க்கரை ஒன்றுதான். இந்த முறையின் உயிர்நாடி இதுவே.

5. அளவுத்தொடர்: ‘இ’யில் 0, 0.15, 0.3, 0.75, 1.5 மில்லி எடுத்து, ‘ஆ’வைச் சேர்த்து ஒவ்வொன்றையும் 3 மில்லியாக்குங்கள். 0, 5, 10, 25, 50 மில்லிமோலார் கிடைக்கும். பத்து நிமிடம் விடுங்கள்.

6. அளத்தல்: 468 நானோமீட்டர் ஒளியைச் செலுத்தி, 572 நானோமீட்டரில் வரும் ஒளிர்வை அளங்கள். ‘அ’வின் அளவைக் கழித்துவிடுங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு முறை அளந்து வரைபடம் போடுங்கள். நேர்கோடு வராது, வளைகோடுதான் வரும்.

7. தேன்: 0.25 கிராம் தேனை ‘ஆ’வில் கரைத்து 25 மில்லியாக்கி அளங்கள். வரைபடத்தில் கிடைக்கும் மில்லிமோலார் அளவை 1.8ஆல் பெருக்கினால், 100 கிராம் தேனில் எத்தனை கிராம் ஃப்ரக்டோஸ் என்பது வரும். சாதாரணத் தேனில் ஏறத்தாழ 38 கிராம் இருக்கும்.

குளுக்கோஸ் குறுக்கிடாதா?

தேனில் குளுக்கோஸும் ஏராளம். ஆனால் பிஎச் 7.4இல் பினைல்போரானிக் அமிலத்தோடு ஃப்ரக்டோஸின் பிணைப்பு மாறிலி சுமார் 160, குளுக்கோஸுக்கு 5க்கும் குறைவு. இதை வைத்துக் கணக்கிட்டால், 100 மில்லிமோலார் ஃப்ரக்டோஸ் ஒளிர்வை ஐந்தில் ஒரு பங்காக்கிவிடும். அதே அளவு குளுக்கோஸ் பத்தில் ஒரு பங்கைத்தான் குறைக்கும். நம்பிக்கையோடு விட்டுவிடாமல், நான்கு முதல் ஆறு வரையிலான படிகளைக் குளுக்கோஸை வைத்தும் ஒருமுறை செய்து பாருங்கள்.

கவனிக்க வேண்டியவை

சார்பிடால் ஃப்ரக்டோஸைவிட வலுவாகப் பிணையும். தேயிலையில் உள்ள கேட்டகால் வகைப் பொருட்களும் அமிலத்தைப் பற்றிக்கொள்ளும். கருந்தேனின் நிறமே ஒளியை விழுங்கும். அதைச் சாயமில்லாமல் தாங்கல் கரைசலில் கரைத்துத் தனியாகவும் அளந்துகொள்ளுங்கள்.

இந்த எண்ணை வைத்துத் தேன் சுத்தமானது என்று சான்று தரக் கூடாது. ஃப்ரக்டோஸ் மிகுந்த பாகைக் கலந்த தேனும் இதே எண்ணைக் காட்டக்கூடும். இரத்தச் சர்க்கரைக்கும் இது உதவாது. அங்கே தேடுவது குளுக்கோஸை. அளவும் சுமார் 5 மில்லிமோலார்தான். அதற்காகவே இரண்டு போரானிக் அமிலங்களைக் குளுக்கோஸுக்கு ஏற்ற இடைவெளியில் பொருத்திய ஒளிர் உணரியை ஜப்பானில் டோனி ஜேம்ஸ், சமன்குமார சந்தனாயக, செய்ஜி ஷின்கை மூவரும் 1994இல் வெளியிட்டார்கள்.

உங்கள் வளைகோட்டில் ஃப்ரக்டோஸ் சரிவதையும் குளுக்கோஸ் அதிகம் அசையாமல் நிற்பதையும் ஒருமுறை பார்த்துவிட்டால், அந்த இடைவெளிக்காக அவர்கள் ஏன் மெனக்கெட்டார்கள் என்பது விளங்கும்.