இருட்டில் சைக்கிள் ஓடுவோருக்கு: விளக்கு வாங்குதலும் பூட்டுதலும்

இடம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றுக்கு இருப்பிடம் ஓரிடம், தோட்டம் வேறிடம். வலிகாமம் வடக்கில் 1990 இல் விட்டுவந்த காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டபின், வாடகை வீட்டிலிருந்து விடியுமுன் சைக்கிளிற் போய் இறைத்துவிட்டு வந்தோரை நாம் அறிவோம். வன்னியில் வயற்காவலுக்குப் போவோரும் அப்படியே. ஒரு கையில் ரோச் லைற், மறுகையில் ஹான்டில் என்று ஓடுவது போதாது. பிறேக் பிடிக்க ஒரு கைதான் மிஞ்சும். பின்னால் வரும் ரிப்பர் சாரதிக்கோ அந்த வெளிச்சம் தெரியவே தெரியாது.

ஆகவே ஒரு விளக்குக்குத்தான் காசு உண்டென்றால், தார் வீதியைப் பாவிப்போர் முதலில் சிவப்புப் பின்விளக்கை வாங்குவதே நல்லது என்பது எமது எண்ணம். முன்னுக்கு ரோச்சை ரியூப் துண்டால் ஹான்டிலில் இறுகக் கட்டிச் சமாளிக்கலாம். ஒழுங்கையும் வரம்புப் பாதையும் மட்டுமென்றால் முன்விளக்கே முதலில்.

பழைய டைனமோவை எறிந்துவிட வேண்டாம். பற்றரிக்குத் தடையிருந்த 1990களில் யாழ்ப்பாணத்தில் பெடலைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டது இதே டைனமோவில்தான். பெரும்பாலானவை 6 வோல்ற், 3 வாற். அதில் 2.4 வாற் முன் பல்புக்கு, 0.6 வாற் பின் பல்புக்கு. முன் பல்ப் எரிந்துபோனால் மின் முழுவதும் பின் பல்புக்குப் போய், வேகமாக ஓடும்போது அதுவும் எரிந்துவிடும். எனவே இரண்டிலும் மேலதிகமாக ஒவ்வொன்று கைவசம் இருக்கட்டும்.

டைனமோவின் தலை ரயரின் பக்கத்திற் படவேண்டும். அதன் அச்சு சில்லின் நடுவை நோக்கவேண்டும். சரிந்திருந்தால் ரயரை அராவும், மிதிக்கவும் பாரமாயிருக்கும். பெரும்பாலும் ஒற்றை வயர்தான் ஓடும். மற்றப் பாதை சைக்கிளின் இரும்புச் சட்டமே. வெளிச்சம் விட்டுவிட்டு வந்தால், பூட்டிய இடத்திலுள்ள துருவையும் பெயின்ரையும் முதலிற் சுரண்டிப் பாருங்கள். சைக்கிள் நின்றால் விளக்கும் நிற்கும். சந்தியில் வலப்பக்கம் திரும்பக் காத்துநிற்கும்போது இது ஆபத்து. இதற்காகப் பின் மட்காட்டில், வெளிச்சம் பட்டால் மின்னும் சிவப்பு வில்லையொன்றைப் பூட்டி, அதன்கீழ் வெள்ளைப் பெயின்ரும் பூசிவிடுங்கள்.

இப்போது கிடைக்கும் எல்.ஈ.டி. விளக்குகள் குறைந்த மின்னிற் கூடிய வெளிச்சம் தருவன. தொலைபேசிச் சார்ஜரில் ஏற்றக்கூடியதாயின் பற்றரிச் செலவு மிச்சம். ஏற்றும் துளைக்கு ரப்பர் மூடி உண்டா என்று கடையிலேயே பாருங்கள். மாரியில் அது இல்லாமற் சரிவராது. சாதாரண எல்.ஈ.டி. ரோச்சை டைனமோவில் நேரே தொடுக்க வேண்டாம். டைனமோ தருவது ஆடலோட்டம், ரோச் பழுதாகிவிடும்.

உரப்பையோ விறகோ ஏற்றினால் பின்விளக்கு மறைந்துபோகும். ஆகையால் அதைக் கரியருக்குக் கீழே, மட்காட்டிற் பூட்டுங்கள். முன்விளக்கைச் சற்றுச் சரிக்கவேண்டும். சுவரிலிருந்து 5 மீற்றர் தள்ளிச் சைக்கிளை நிறுத்துங்கள். விளக்கு 80 சதமமீற்றர் உயரத்தில் இருந்தால், சுவரில் வெளிச்சத்தின் நடு 40 சதமமீற்றரில் விழட்டும். அப்போது அது 10 மீற்றர் முன்னே நிலத்தைத் தொடும். நத்தார் இராப்பூசை முடிந்து எதிரே வருபவரின் கண்ணும் கூசாது. டைனமோ விளக்கை நிறுத்திவைத்துப் பார்க்க முடியாது. 5 மீற்றரில் ஒரு கோடு கீறி, நீங்கள் ஓடிவந்து அதைக் கடக்கும்போது வெளிச்சம் எங்கே விழுகிறதென்று சுவரோரம் ஒருவரை நின்று பார்க்கச் சொல்லுங்கள்.