ஏழு குறிலும் ஒரு நெடிலும்

நுழையும்முன்

வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, பள்ளியில் வேறு மொழிகள் என வாழ்வது உங்களுள் பலருக்குப் பழகிய ஒன்று. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டு, எங்குச் சென்றாலும் அம்மொழியிலேயே விடை பெற்றுப் பழகியோர்க்கு அது புதிது. அத்தகையோர் சீனப் பயணிகளுக்கென இயங்கும் உல்லாசக் கப்பலில் ஏறினால் எவற்றைக் காண்பர் என்பதை இப்பாடத்தில் அறிவோம்.

சீனத் துறைமுகங்களிலிருந்து உல்லாசக் கப்பல்கள் புறப்படும் வழக்கம் மிகப் பழமையானதன்று. இத்தாலிய நிறுவனமாகிய கோஸ்டா 2006ஆம் ஆண்டில் அங்குத் தன் பயணங்களைத் தொடங்கியது. 2015இல் ராயல் கரீபியன் நிறுவனம், கட்டி முடித்து ஓராண்டும் நிறையாத ‘குவாண்டம் ஆஃப் தி சீஸ்’ என்னும் பெருங்கப்பலை ஷாங்காய்க்கு அனுப்பியது. பின்னர்ச் சீனரே பெரிய உல்லாசக் கப்பலைக் கட்டினர். ஷாங்காயில் உருவான ‘அடோரா மேஜிக் சிட்டி’ 2024 சனவரி 1 அன்று முதற்பயணம் புறப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 324 மீட்டர். 5,000 பேருக்கு மேல் அதில் செல்லலாம்.

இக்கப்பல்கள் பெரும்பாலும் ஜப்பானின் ஃபுகுவோகா, நாகசாகி, தென்கொரியாவின் ஜேஜு தீவு முதலிய இடங்களைத் தொட்டு, நான்கு முதல் ஆறு நாள்களில் திரும்பிவிடுகின்றன. சீனாவில் பத்தாண்டுக்குக் குறைவாகப் பணியாற்றியவருக்குச் சட்டம் வழங்கும் ஊதிய விடுப்பு ஆண்டுக்கு 5 நாள்களே. அச்சிறிய விடுப்புக்குள் தாத்தா, பாட்டி, பெற்றோர், பிள்ளை என மூன்று தலைமுறையும் ஒன்றாகச் செல்ல விழையும்போது நெடும்பயணம் எங்ஙனம் இயலும்?

காலை உணவுக் கூடத்தில்தான் வேறுபாடு முதலில் புலப்படும். ரொட்டியும் முட்டையும் ஒருபுறம் இருக்கும்; ஆனால் கூட்டம் நிற்பது ஆவி பறக்கும் அரிசிக் கஞ்சியின் முன்னும், வேகவைத்த மாவுருண்டைகளின் முன்னும்தான். சீனர் அக்கஞ்சியை ‘ஜோ’ என்பர். ஆங்கிலேயர் அதனைக் ‘காஞ்ஜி’ என்பர். அச்சொல் நம் ‘கஞ்சி’யே, போர்ச்சுகீசியர் வாயிலாக ஆங்கிலத்திற் புகுந்தது. எனவே அக்கூடத்தில் ஆங்கிலம் பேசுவோர் தம்மை அறியாமலே ஒரு தமிழ்ச் சொல்லைக் கூறி உணவு கேட்கின்றனர்! பருகுவதற்கு வெந்நீரும் தேநீரும் எங்கும் கிடைக்கும். பனிக்கட்டி இட்ட நீரைக் கேட்டுப் பெற வேண்டியிருக்கலாம்.

இரவு உணவின்போது வட்ட மேசையைச் சுற்றிக் குடும்பமே அமரும். உணவு வகைகளை நடுவில் வைத்து அனைவரும் பகிர்ந்து உண்பர். பேச்சும் சிரிப்பும் ஓங்கி ஒலிக்கும். அமைதியை நாடி வந்த வெளிநாட்டார் சிலர் இதனை இரைச்சல் என்று குறை கூறுவர். சீன மொழியில் ‘ரெநாவ்’ என்றொரு சொல் உண்டு. ‘வெம்மை’, ‘ஒலி’ என்னும் இரு பொருள்கள் சேர்ந்த அச்சொல் பாராட்டுச் சொல்லாகவே வழங்குகிறது. நம் ‘கலகலப்பு’ அதற்கு மிக நெருக்கமானது. விருந்து நடக்கும் இடத்தில் கலகலப்பு இல்லையெனில் நாமும் வருந்துவோம் அன்றோ? இரைச்சல் என்னும் குறையில் பாதி, சொல் தெரியாததால் வந்த குறையே.

வெயில் காயும் மேல்தளத்திலோ நிலைமை நேர்மாறு. வெயிலில் மேனி கருப்பதைச் சீனப் பயணிகளுள் பலர் விரும்புவதில்லை. ஆதலால் அங்குள்ள சாய்வு நாற்காலிகள் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். கூட்டத்தைக் காண வேண்டுமாயின் மாஜாங் ஆட்டம் நடக்கும் அறைக்கும் வரியில்லாப் பொருள் விற்கும் கடைகளுக்கும் செல்ல வேண்டும். கரையிறங்கும் சுற்றுலாக்களைப் பெரும்பாலும் சீனப் பயண முகவர்களே நடத்துவதால், வழிகாட்டியின் விளக்கம் சீனத்தில் மட்டும் இருக்கக்கூடும். கடைகளில் நிற்கும் நேரமும் மிகுதி.

இனி மொழிக்கு வருவோம். ஒலிபெருக்கியில் அறிவிப்புகள் முதலில் சீனத்தில் விரிவாகவும், பின்னர் ஆங்கிலத்தில் சுருக்கமாகவும் வருவதுண்டு. மேடை நிகழ்ச்சியின் நகைச்சுவை புரியாமற் போவதால் இழப்பு பெரிதன்று. அறையைத் தூய்மை செய்வோருள்ளும் உணவு பரிமாறுவோருள்ளும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா முதலிய நாட்டினர் பலர் இருப்பதால் ஆங்கிலத்தில் உதவி கேட்கவும் வழியுண்டு.

ஆனால் ஓர் அறிவிப்பை மட்டும் புரியாமல் விடலாகாது. 1990 ஏப்பிரலில் ஆஸ்லோவிலிருந்து டென்மார்க் சென்ற ‘ஸ்காண்டிநேவியன் ஸ்டார்’ என்னும் கப்பல் தீப்பற்றியது; 159 பேர் மாண்டனர். பணியாளருள் பலர் பேசிய மொழி பயணிகளுக்குத் தெரியாது. பயணிகளின் மொழி அவர்களுக்குத் தெரியாது. புகை சூழ்ந்த இடைவழிகளில் அது மீட்புப் பணிக்குப் பெருந்தடையாயிற்று. 2012இல் இத்தாலியின் ஜிக்லியோ தீவருகே ‘கோஸ்டா கான்கார்டியா’ பாறையில் மோதியபோது 32 பேர் இறந்தனர். அன்று ஏறிய நூற்றுக்கணக்கானோர்க்கு அவசரகாலப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன்பின் விதி கடுமையாயிற்று. கப்பல் புறப்படுமுன்போ புறப்பட்டவுடனோ அப்பயிற்சி நடந்தே ஆக வேண்டும்.

ஆகவே சீனம் அறியாதவர் ஏறியவுடன், ஆங்கில விளக்கம் எப்போது, எங்கே என்று கேட்டறிதல் வேண்டும். தம் அட்டையில் குறித்துள்ள ஒன்றுகூடும் இடத்திற்கு ஒருமுறை நடந்து சென்று பார்த்தலும் நன்று. எம்மொழியும் வேண்டாத அறிவிப்பு ஒன்றும் கப்பலில் உண்டு. அதுவே பேராபத்தை உணர்த்தும் சங்கொலி. குறைந்தது ஏழு குற்றொலிகள்; அவற்றைத் தொடர்ந்து ஒரு நெட்டொலி. குறிலும் நெடிலும் கற்ற உங்களுக்கு அதனை நினைவிற்கொள்ளுதல் எளிது.

சொற்பொருள்

விழைதல் – விரும்புதல். மாண்டனர் – இறந்தனர். விடலாகாது – விடக்கூடாது.

பயிற்சி

1. ‘ரெநாவ்’ என்னும் சொல்லுக்கு ‘இரைச்சல்’, ‘கலகலப்பு’ ஆகியவற்றுள் எது பொருந்தும்? ஏன்?
2. பிரித்து எழுதுக: பெருங்கப்பல், நெட்டொலி, வெந்நீர்.
3. உங்கள் ஊர்மொழியில் வழங்கும் தமிழ்ச் சொல் ஒன்றையும், தமிழில் வழங்கும் அம்மொழிச் சொல் ஒன்றையும் கண்டறிந்து எழுதுக.