எத்தனை நாள் தாங்கும்?

அம்பத்தூர்

அன்புள்ள கயல்,

விநியோகச் சங்கிலி நெருக்கடி மேலாண்மையில் முதுநிலைப் படிப்புக்கு உனக்கு இடம் கிடைத்துவிட்டதாக அக்கா சொன்னாள். மனம் நிறைந்தது. ஒரகடத்துக் கிடங்கு வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போவது சரிதானா என்று கேட்டிருந்தாய். சரிதான், தாராளமாகப் போ. அங்கே எதைத் தேடிப் படிக்க வேண்டும் என்பதை மட்டும் முதலிலேயே தெளிவாக்கிக்கொள்.

பர்ச்சேஸ் துறையிலேயே தலை நரைத்தவன் என்பதால் சொல்கிறேன். நெருக்கடியில் யார் பிழைப்பார் என்பது அது வருவதற்கு முன்பே பாதி முடிவாகிவிடுகிறது.

1997 பிப்ரவரி 1 அன்று ஜப்பானின் கரியா நகரில் ஐசின் நிறுவனத்தின் ஆலை ஒன்று தீப்பற்றியது. பின்சக்கர பிரேக்கின் அழுத்தத்தைச் சீராக்கும் ஒரு சிறு வால்வு, டொயோட்டாவுக்கு ஏறக்குறைய முழுவதும் அங்கிருந்துதான் வந்தது. விலை அற்பம், கையிருப்பும் சொற்பம். சில நாட்களுக்குள் ஜப்பானில் டொயோட்டாவின் ஆலைகள் அநேகமாக எல்லாமே நின்றுபோயின.

எம்.ஐ.டி. பேராசிரியர் டேவிட் சிம்ச்சி-லெவி இரண்டு அளவுகளைச் சொல்கிறார். ஒரு சப்ளையர் முடங்கினால் மீண்டெழ எத்தனை நாள்? அவர் இல்லாமல் நாம் எத்தனை நாள் தாங்குவோம்? மீளும் நாள் தாங்கும் நாளைவிட அதிகமானால் அங்கேதான் லைன் நிற்கும். எதற்கு அதிகப் பணம் செலவாகிறதோ அதை மட்டும் கண்காணிப்பவர் கண்ணில் அந்த வால்வு படவே படாது. புள்ளியியலையும் கையிருப்புக் கணக்கையும் ஊன்றிப் படி என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

டொயோட்டா மீண்ட கதையையும் படி. ஐசின் கொடுத்த வரைபடங்களை வைத்துக்கொண்டு, விலைகூடப் பேசாமல், பல நிறுவனங்கள் வால்வு செய்யத் தொடங்கின. தையல் இயந்திரம் செய்யும் பிரதர் நிறுவனமும் அவற்றில் ஒன்று. ஒரு வாரத்துக்குள் ஆலைகள் மீண்டும் ஓடத் தொடங்கின. அப்படிப்பட்ட உறவைத் தீப்பிடித்த அன்று சம்பாதிக்க முடியாது. ஆண்டு முழுக்க விலையைக் குறை என்று மட்டுமே கேட்டவருக்காக யார் இரவில் கண்விழித்து வேலை செய்வார்கள்?

கெட்ட செய்தியை உடனே மேலே சொல்லவும் பழகு. 2000 மார்ச்சில் அமெரிக்காவின் அல்புகர்க்கியிலிருந்த பிலிப்ஸ் சிப் ஆலையில் மின்னலால் தீப்பிடித்து, சில நிமிடங்களில் அணைந்தது. அங்கிருந்து சிப் வாங்கிவந்த நோக்கியாவில் செய்தி விரைவாக மேலிடத்துக்குப் போனது; மாற்று ஏற்பாடுகளை அவர்கள் முந்திக்கொண்டு செய்தார்கள். அங்கேயே வாங்கிவந்த எரிக்சனிலோ அது வாரக்கணக்கில் கீழ்மட்டத்திலேயே தங்கிவிட்டது. இழப்பு சுமார் 40 கோடி டாலர்.

உன் ஆய்வுத் திட்டத்துக்குப் பெரிய தலைப்பு வேண்டாம். ஒரு ரப்பர் சீலோ, ஒரு ஸ்பிரிங்கோ எடுத்துக்கொள். அதைச் செய்பவர் யார், அவருக்கு மூலப்பொருள் தருபவர் யார் என்று அடிவரை போ. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையைச் சுற்றியிருந்த கார் ஆலைகளே உற்பத்தியை நிறுத்தின. அன்று உன் சப்ளையரின் பட்டறைக்குள் தண்ணீர் வந்ததா, எப்போது மீண்டார் என்று நேரில் கேள். அந்தப் பதில் எந்த மென்பொருளிலும் கிடைக்காது.

முதல் பருவம் முடிவதற்குள் பொருளைத் தேர்ந்தெடுத்து எனக்கு எழுது. அதைச் செய்கிற பட்டறைக்காரர்களை இங்கே எனக்குத் தெரியும். நானே அழைத்துப் போகிறேன்.

அன்புடன்,
மாமா