குத்தகைக் காலம் முடியுமுன் வீட்டை விட்டு விலகல்

வவுனியாவில் 2 ஆண்டுக்கு வீடெடுத்த ஆசிரியைக்கு எட்டு மாதத்தில் இடமாற்றம் வருகிறது. மிகுதி 16 மாத வாடகையையும் அவர் செலுத்த வேண்டுமா?

முதலில் உடன்படிக்கை எழுதப்பட்ட முறையைப் பாருங்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 2ஆம் பிரிவின்படி, ஒரு மாதத்திற்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் கைச்சாத்திடப்பட வேண்டும். முத்திரை ஒட்டி ஒப்பமிட்டாற் போதும் என விடை எழுதிவிடாதீர்கள்! அவ்வாறான கடதாசி 2 ஆண்டுக் குத்தகையாகச் செல்லாது. அவர் மாதாமாதம் வாடகை கொடுத்துக் குடியிருந்தால் அது மாத வாடகையாகவே கொள்ளப்படும். ஒரு முழு மாத அறிவித்தல் கொடுத்து அவர் விலகலாம். உதாரணமாக, யூன் 30இல் விலக மே முடியுமுன் அறிவித்தல் கொடுக்க வேண்டும். எழுத்தில் கொடுப்பதே பாதுகாப்பு.

நொத்தாரிசு உறுதியாயின் நிலைமை வேறு. இடையில் விலக உறுதியில் இடமில்லையெனில் உரிமையாளரின் சம்மதம் தேவை. சம்மதமின்றி வெளியேறினால் அவர் நட்டஈடு கோரலாம்.